கம்பெனியின் நாற்காலிகளில் யார்? வளர்ந்த நாடுகளும் வளரும் நாடுகளும் நம் வடசென்னையும்

மாத்தூர், மணலி, திருவொற்றியூர், எண்ணூர், இராயபுரம் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களில் பலருக்கு ஏதேனும் ஒரு பெரிய நிறுவனத்தோடு தொடர்பு இருக்கிறது. ஒருவர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. இன்னொருவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். வளைகுடாவில் இருக்கும் மற்றொருவர் அதே நிறுவனத்தின் பங்குகளைச் சேமிப்பாக வாங்கி வைத்திருக்கிறார். இந்த ஆலைகளின் முக்கிய முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டால் 'முதலாளி' என்றோ 'கவர்மெண்ட்' என்றோ பதில் வரும். சட்டப்படி அந்த முடிவுகளை எடுப்பது இயக்குநர் குழு. பேச்சு வழக்கில் 'போர்டு' என்கிறோம்.

அந்தக் குழுவில் யார் உட்காரலாம், யார் உட்கார முடியாது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. அந்த வேறுபாட்டை நம் பகுதி நிறுவனங்களையே உதாரணமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இயக்குநர் குழு என்றால் என்ன?

மஹல்லா ஜமாஅத்தை எடுத்துக்கொள்வோம். சந்தா செலுத்தும் அனைவரும் பொதுக்குழு. அவர்கள் தேர்ந்தெடுப்பது நிர்வாகக் குழு. அன்றாட வேலைகளைச் செயலாளர் கவனிக்கிறார். கம்பெனியும் ஏறக்குறைய இப்படித்தான். பங்குதாரர்கள் பொதுக்குழு, இயக்குநர்கள் நிர்வாகக் குழு, அன்றாடப் பொறுப்பு நிர்வாக இயக்குநரிடம்.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஜமாஅத்தில் தலைக்கு ஒரு ஓட்டு, கம்பெனியில் பங்குக்கு ஒரு ஓட்டு. அதிகப் பங்கு வைத்திருப்பவர் தமக்கு வேண்டியவர்களையே குழுவில் அமர்த்திக்கொள்ள முடியும். உலக நாடுகள் எழுதி வைத்திருக்கும் விதிகளில் பெரும்பகுதி இந்த ஒரு சிக்கலைச் சமாளிக்க வந்தவையே.

வளர்ந்த நாடுகளில்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய நிறுவனங்கள் பலவற்றின் பங்குகள் ஓய்வூதிய நிதிகள், மியூச்சுவல் ஃபண்டுகள், தனிநபர்கள் என்று சிதறிக் கிடக்கின்றன. தனியொரு குடும்பம் ஆட்டிப்படைப்பது குறைவு. அங்கே உள்ள ஆபத்து வேறு: மேலாண்மையில் இருக்கும் அதிகாரிகள் முதலீட்டாளர்களை ஏமாற்றிவிடலாம். அதைக் கண்காணிக்கும் காவலனாகத்தான் அங்கே இயக்குநர் குழு அமைந்திருக்கிறது.

அமெரிக்காவில் ஒரே குழு. 2001-இல் என்ரான் நிறுவனம் கணக்கு மோசடியால் கவிழ்ந்த பிறகு, 2002-இல் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் வந்தது. தணிக்கைக் குழுவில் சுயேச்சை இயக்குநர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்றானது. இயக்குநர் குழுவிலும் பெரும்பான்மை சுயேச்சையாளர்களே என்று பங்குச் சந்தைகள் விதித்தன. நிறுவனத்தோடும் அதன் உரிமையாளர்களோடும் பணத் தொடர்போ உறவோ இல்லாதவரே சுயேச்சை இயக்குநர்.

பிரிட்டனிலும் ஒரே குழு. 1992-இல் வெளிவந்த கேட்பரி குழு அறிக்கை அங்கே வழிகாட்டி. தலைவரும் தலைமைச் செயல் அதிகாரியும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது அதன் முக்கியப் பரிந்துரை. விதியைப் பின்பற்று, இல்லையென்றால் ஏன் பின்பற்றவில்லை என்று பங்குதாரர்களுக்கு விளக்கு என்பது அவர்களுடைய முறை.

ஜெர்மனியில் இரண்டு குழுக்கள். ஒன்று நிர்வாகம் செய்கிறது. மற்றொன்று மேற்பார்வை செய்கிறது. ஒருவர் இரண்டிலும் இருக்க முடியாது. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2,000-க்கு மேல் தொழிலாளர் உள்ள நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு. 500 முதல் 2,000 பேர் வரை இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. வாக்குகள் சமமாகப் பிரிந்தால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு. தலைவர் பங்குதாரர் தரப்பிலிருந்தே வருவார் என்பதால் கடைசிச் சொல் முதலீட்டாளரிடமே இருக்கிறது. ஆனாலும் ஆலையை மூடுவது பற்றிய பேச்சு தொழிலாளியின் காதில் படாமல் நடக்காது.

ஜப்பானில் நெடுங்காலம் நிறுவனத்துக்குள்ளேயே உழைத்து உயர்ந்தவர்களே இயக்குநர்கள். 2015-இல் வந்த நிர்வாக நெறிமுறை வெளியாட்களுக்குக் கதவைத் திறந்தது. நார்வே 2003-இல் இயற்றிய சட்டத்தால் பொதுப் பங்கு நிறுவனங்களின் குழுக்களில் பெண்களுக்கு 40 சதவீத இடம் கட்டாயமானது.

இவையெல்லாம் முழுப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். என்ரானின் குழுவிலும் சுயேச்சை இயக்குநர்கள் பெரும்பான்மையாக இருந்தார்கள். தொழிலாளர் பிரதிநிதிகள் பாதிப்பேர் அமர்ந்திருந்த ஃபோக்ஸ்வாகனில்தான் 2015-இல் புகைச் சோதனை மோசடி வெளிப்பட்டது.

வளரும் நாடுகளில்

இந்தியா, இந்தோனேசியா, மலேசியா போன்ற நாடுகளில் பெரிய நிறுவனம் என்றால் பெரும்பாலும் ஒரு குடும்பத்துடையது, அல்லது அரசுடையது. அதிகாரிகள் உரிமையாளரை ஏமாற்றும் ஆபத்து இங்கே குறைவு. உரிமையாளரே சிறு பங்குதாரர்களையும் தொழிலாளர்களையும் அக்கம்பக்கத்து ஊரையும் கணக்கில் எடுக்காமல் போவதுதான் பெரிய ஆபத்து. ஆகவே குழு உரிமையாளரைத் தட்டிக்கேட்க வேண்டும். ஆனால் குழுவை நியமிப்பதே அந்த உரிமையாளர்தான். வளரும் நாடுகளின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

இந்தியச் சட்டம் காகிதத்தில் எந்த வளர்ந்த நாட்டுக்கும் சளைத்ததல்ல. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி பொதுக் கம்பெனிக்குக் குறைந்தது 3 இயக்குநர்கள், தனியார் கம்பெனிக்கு 2 பேர் வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கு சுயேச்சை இயக்குநர்கள்; ஒரு பெண் இயக்குநராவது கட்டாயம். தலைவர் உரிமையாளர் குடும்பத்தவராக இருந்தால் பாதிப்பேர் சுயேச்சையாளர்களாக இருக்க வேண்டும் என்பது செபியின் விதி. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் லேலண்ட் இதற்கு உதாரணம். பிரிட்டிஷ் லேலண்ட் வசம் இருந்த அந்த நிறுவனம் 1987-இல் ஹிந்துஜா குழுமத்தின் கைக்கு வந்தது. ஹிந்துஜா குடும்பத்தைச் சேர்ந்தவரே அதன் தலைவர்.

விதி இருந்தும் நடைமுறை தடுமாறுகிறது. 2008 டிசம்பரில் ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனம், அதன் தலைவரின் குடும்ப நிறுவனங்களையே விலைக்கு வாங்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஹார்வர்டு பேராசிரியர் ஒருவரும் அந்தக் குழுவில் இருந்தார். அடுத்த மாதமே மோசடி வெளிவந்தது. 2016 டிசம்பரில் டாடா குழுமத்தில் தலைமைச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, பெரும் பங்குதாரரின் முடிவை எதிர்த்த சுயேச்சை இயக்குநர் நுஸ்லி வாடியா வாக்கெடுப்பின் மூலம் மூன்று நிறுவனங்களின் குழுக்களிலிருந்து நீக்கப்பட்டார். தலைவர் பதவியையும் நிர்வாக இயக்குநர் பதவியையும் பிரிக்க வேண்டும் என்ற விதியைச் செபி 2022 பிப்ரவரியில் 'விருப்பப்பட்டால் செய்யலாம்' என்று தளர்த்திவிட்டது.

வடசென்னையின் மூன்று காட்சிகள்

முதலாவது, அரசு உரிமையாளர். மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் உருவானபோது இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகிய மூன்றும் பங்காளிகள். இன்று சி.பி.சி.எல். என்ற பெயரில் இயங்கும் அதில் இந்தியன் ஆயிலுக்கு 51.89 சதவீதமும், ஈரான் எண்ணெய் நிறுவனத்தின் துணை அமைப்பான நாஃப்டிரானுக்கு 15.40 சதவீதமும் பங்கு உள்ளது. அதனால் மணலி ஆலையின் குழுவில் ஈரான் தரப்புக்கும் நாற்காலி உண்டு. அருகிலுள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸிலும் அதே நாஃப்டிரானுக்கு நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக இருக்கிறது. தெஹ்ரானுக்குக் கிடைத்த இடம் மணலித் தெருக்களில் யாருக்கும் இல்லை. காரணம் எளிது: நாற்காலி பங்கோடு வருகிறது.

அரசு நிறுவனங்களில் சுயேச்சை இயக்குநர்களை நியமிப்பதும் அரசே. நியமனம் தாமதமானால் நாற்காலி காலியாகக் கிடக்கும். 2023-இல் இந்தியன் ஆயில் உட்படப் பல பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு, போதிய சுயேச்சை இயக்குநர்கள் இல்லை என்று பங்குச் சந்தைகள் அபராதம் விதித்தன. நியமனம் எங்கள் கையில் இல்லை, அமைச்சகத்தின் கையில் இருக்கிறது என்பதே நிறுவனங்களின் பதில்.

இரண்டாவது, குடும்ப உரிமையாளர். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகப் பிறந்தது எம்.ஆர்.எஃப். நிறுவனர் குடும்பத்தின் பங்கு இன்று மூன்றில் ஒரு பகுதிக்கும் குறைவு. தலைமைப் பொறுப்புகள் அந்தக் குடும்பத்திடமே இருக்கின்றன. திருவொற்றியூரில் இருந்து உலகெங்கும் போன ராயல் என்ஃபீல்டின் கதை சற்றே வித்தியாசமானது. அதன் தாய் நிறுவனமான ஐஷர் மோட்டார்ஸ், 2021 ஆகஸ்டில் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த நிர்வாக இயக்குநர் சித்தார்த்த லாலை மறுநியமனம் செய்து ஊதியம் வழங்கச் சிறப்புத் தீர்மானம் கொண்டுவந்தது. சிறப்புத் தீர்மானத்துக்கு முக்கால்வாசி வாக்கு தேவை. ஏறத்தாழ 27 சதவீத வாக்குகள் எதிராக விழுந்ததால் தீர்மானம் தோற்றது. பிறகு ஊதிய உச்சவரம்பைக் குறைத்த பின்னரே அவர் மறுநியமனம் பெற்றார். சிறு பங்குதாரர்களும் முதலீட்டு நிதிகளும் ஒன்றுசேர்ந்தால் குடும்பத்தையும் யோசிக்க வைக்கலாம் என்பதற்கு இது நம் பக்கத்து உதாரணம்.

மூன்றாவது காட்சி, குடும்பத்துக்குள்ளேயே நடந்தது. திருவொற்றியூரின் கார்போரண்டம் யுனிவர்சலும் எண்ணூரின் கோரமண்டல் உர ஆலையும் முருகப்பா குழுமத்தைச் சேர்ந்தவை. குழுமத்தின் பங்குகளை வைத்திருக்கும் குடும்ப நிறுவனம் அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ். குழுமத்தின் முன்னாள் தலைவர் எம்.வி. முருகப்பன் 2017-இல் காலமானார். அவருக்கு மகள்கள் மட்டுமே. அந்தக் கிளையின் பங்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேல். மூத்த மகள் வள்ளி அருணாசலம் அம்பாடியின் குழுவில் ஓர் இடம் கேட்டார். 2020 செப்டம்பரில் நடந்த பொதுக்கூட்டத்தில் 91.36 சதவீத வாக்குகள் அவருக்கு எதிராக விழுந்தன. பெண் என்பதாலேயே ஒதுக்கப்பட்டேன் என்பது அவருடைய புகார். 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள் சமரசம் ஏற்பட்டது.

பங்கு வேறு, நாற்காலி வேறு. இதை நம் குடும்பங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தொழிலாளிக்கு நாற்காலி உண்டா?

ஜெர்மனி 1976-இல் தொழிலாளர் பங்கேற்புச் சட்டத்தை இயற்றியது. அதே 1976-இல் இந்தியா 42-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் 43-ஏ பிரிவைச் சேர்த்தது. தொழிற்சாலை நிர்வாகத்தில் தொழிலாளர் பங்குபெற அரசு வழிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஜெர்மனியில் அது கட்டாயச் சட்டம். இங்கே வழிகாட்டும் கோட்பாடு. நீதிமன்றம் சென்று நிறைவேற்றக் கேட்க முடியாது. 1990-இல் மாநிலங்களவையில் இதற்கென ஒரு மசோதா அறிமுகமானது. அது சட்டமாகவில்லை.

ஆனால் நம் பகுதியிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்தை ஆளும் வாரியத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு நெடுநாளாக இடம் உண்டு. 1963-ஆம் ஆண்டின் துறைமுகப் பொறுப்புக் கழகச் சட்டம் அதை உறுதி செய்தது. 2021-இல் வந்த பெருந்துறைமுக ஆணையச் சட்டமும் ஊழியர் நலனுக்காக 2 உறுப்பினர்களை வைத்திருக்கிறது.

சில கிலோமீட்டர் வடக்கே போனால் எண்ணூரின் காமராஜர் துறைமுகம். நாட்டின் பெருந்துறைமுகங்களில் முதன்முதலாகக் கம்பெனியாக அமைக்கப்பட்டது இதுதான். 1999-இல் கம்பெனிகள் சட்டத்தின்கீழ் பதிவானது. 2020-இல் இதன் முழுப் பங்கும் சென்னைத் துறைமுகத்தின் கைக்கு வந்தது. கம்பெனி என்பதால் தொழிலாளர் பிரதிநிதிக்கு இடம் தர வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. உரிமையாளரின் வாரியத்தில் தொழிலாளி அமர்கிறார். அந்த உரிமையாளருக்குச் சொந்தமான துறைமுகத்தின் குழுவில் அவர் அமர வேண்டியதில்லை. சட்ட வடிவம் மாறினால் நாற்காலியும் மாறிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காண முடியாது.

ஆலைக்கு வெளியே இருப்பவர்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்தது. படகும் வலையும் வீட்டுச் சுவரும் எண்ணெயில் தோய்ந்தன. சி.பி.சி.எல். வளாகத்திலிருந்து வந்த எண்ணெய் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. எங்கள் குழாய்களில் கசிவு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கோரமண்டல் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் பகுதி மக்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். இரண்டையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து விசாரித்தது.

கம்பெனிகள் சட்டத்தின் 166-ஆவது பிரிவு பலருக்குத் தெரியாது. பங்குதாரர் நலனோடு ஊழியர், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றையும் கருதியே இயக்குநர் செயல்பட வேண்டும் என்று அது சொல்கிறது. அமெரிக்கச் சட்டங்களில்கூட இவ்வளவு விரிந்த கடமையைப் பொதுவாகக் காண முடியாது. கடமை எழுதப்பட்டிருக்கிறது; அதை நினைவூட்ட அந்த மேசையில் குப்பத்து ஆளுக்கு இடம் இல்லை.

இஸ்லாமிய நிறுவனங்களின் கூடுதல் குழு

வளரும் நாடுகள் உலகுக்குக் கொடுத்த ஓர் அமைப்பும் உண்டு: ஷரீஆ மேற்பார்வைக் குழு. இந்தோனேசியாவில் டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற இரட்டைக் குழு முறை நடைமுறையில் உள்ளது. 2007-ஆம் ஆண்டின் 40-ஆவது சட்டப்படி ஷரீஆ அடிப்படையில் இயங்கும் நிறுவனம் அவற்றோடு ஷரீஆ மேற்பார்வைக் குழுவையும் வைத்திருக்க வேண்டும். மலேசியாவில் 2013-ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டம் ஷரீஆ குழுவைக் கட்டாயமாக்கியது. பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆயோஃபி அமைப்பின் தரநிலை, குறைந்தது 3 அறிஞர்கள் வேண்டும் என்கிறது.

இந்தியாவில் அப்படிச் சட்டப் பாதுகாப்பு இல்லை. பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் 'ஹலால் முதலீடு' என்ற பெயரில் பணம் திரட்டி, 2019 ஜூனில் மூடப்பட்டது. அதன் நிறுவனர் துபாய்க்குப் போய், ஜூலையில் டெல்லி திரும்பியபோது கைதானார். பணம் போட்ட ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மகளின் நிக்காஹுக்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்த பணம் அதில் போனது. 'ஹலால்' என்ற சொல்லைப் பார்த்தவர்கள், அந்த நிறுவனத்தைத் தட்டிக்கேட்கும் இடத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்திருக்க வேண்டும்.

பொதுக் காரியங்களைக் கலந்தாலோசித்துச் செய்வதை அல்லாஹ் 42:38 வசனத்தில் முஃமின்களின் பண்பாகச் சொல்கிறான். அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கும்படி 4:58 கட்டளையிடுகிறது. கூட்டாளிகளில் பலர் ஒருவருக்கொருவர் அநியாயம் செய்கிறார்கள் என்ற எச்சரிக்கை தாவூத் (அலை) அவர்களின் சம்பவத்தில், 38:24-இல் வருகிறது. இயக்குநர் பதவி என்பது பிறர் பணத்தின் மீதும் பிறர் உயிரின் மீதும் ஏற்றுக்கொண்ட அமானிதம்.

நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை

1. பங்கு வைத்திருப்பவர்கள் வாக்களிக்க வேண்டும். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் வீட்டிலிருந்தே இணையவழியில் வாக்களிக்கலாம். 10 பங்கு வைத்திருப்பவரின் வாக்கும் எண்ணப்படும்.

2. ஆண்டறிக்கையில் நிர்வாக நெறிமுறை பற்றிய பகுதியைப் படியுங்கள். ஒவ்வோர் இயக்குநரும் எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்பது அதில் இருக்கும். குறை இருந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம்.

3. சிறு பங்குதாரர்கள் தங்களுக்கென ஓர் இயக்குநரைத் தேர்ந்தெடுக்கச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு இடம் தருகிறது. 1,000 சிறு பங்குதாரர்களோ, அவர்களில் பத்தில் ஒரு பகுதியினரோ, இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்து கேட்கலாம்.

4. சட்டம் சொல்லும் அளவுக்கு மேல் லாபமோ மதிப்போ விற்பனையோ உள்ள நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் 135-ஆவது பிரிவு கூறுகிறது. மாத்தூர், மணலி ஜமாஅத்களும் குடியிருப்போர் சங்கங்களும் மீனவக் கிராமங்களோடு சேர்ந்து, இந்தத் தொகை எங்கே போகிறது என்று எழுத்தில் கேட்கலாம்.

5. யாராவது 'ஹலால் முதலீடு' என்று வந்தால், மத்தியக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதன் இயக்குநர்கள் யார் என்று பாருங்கள். கணவன், மனைவி, மைத்துனர் மட்டுமே இருந்தால் யோசியுங்கள்.

6. சொந்தத் தொழில் நடத்துபவர்கள் கூட்டு ஒப்பந்தத்தை எழுத்தில் வையுங்கள். 2:282 அதைத்தான் கற்றுத் தருகிறது. தனியார் கம்பெனியாக இருந்தால், வஃபாத்துக்குப் பிறகு வாரிசுகளுக்கு, மகள்கள் உட்பட, குழுவில் யாரை நியமிக்கும் உரிமை உண்டு என்பதைச் சங்க விதிகளிலேயே சேருங்கள். பெற்றோர் விட்டுச்சென்றதில் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று 4:7 விதித்துவிட்டது. பங்கை மட்டும் கொடுத்துவிட்டுக் கணக்கைக் காட்டாமல் இருந்தால் அந்த ஹக்கு அவளுக்கு முழுமையாகப் போய்ச் சேராது. உறவினர் அல்லாத, கணக்கு தெரிந்த ஒருவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டால் அண்ணன் தம்பி சண்டை நீதிமன்றம் வரை போகாமல் தடுக்கலாம்.

நம் பிள்ளைகள் பலர் பி.காம்., சி.ஏ., கம்பெனி செக்ரட்டரி படிப்புகளில் சேர்கிறார்கள். சுயேச்சை இயக்குநர்களுக்கென மத்திய அரசின் பெயர்ப் பதிவேடும் தேர்வும் உள்ளன. ஆலையின் வாசலில் வேலை கேட்டு நிற்கும் நம் பகுதியிலிருந்து, ஆலையின் மேசையில் கேள்வி கேட்கும் ஆளும் இன்ஷா அல்லாஹ் உருவாக வேண்டும்.